உரிமக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

அமெரிக்கக் கடற்படை ஒரு முப்பரிமாண வரைகலை மென்பொருளை 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் நிறுவியது. விலை கொடுத்து வாங்கிய உரிமங்களோ மிகச் சொற்பம். மென்பொருளை உருவாக்கிய ஜெர்மனியின் பிட்மேனேஜ்மென்ட் நிறுவனம், 59 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கோரி 2016-இல் வழக்குத் தொடுத்தது.

இவ்வாறு நிறுவிக்கொள்ளக் கடற்படைக்கு மறைமுக அனுமதி இருந்ததை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் ஏற்றது. ஆனால், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தனி மென்பொருள் மூலம் எண்ணிக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே அந்த அனுமதியின் நிபந்தனை. அது நிறைவேற்றப்படாததால் கடற்படை பதிப்புரிமையை மீறியதாகத் தீர்ப்பானது. இருந்தும் 2022-இல் வழங்கப்பட்ட இழப்பீடு 1,54,400 டாலர் மட்டுமே. நிறுவப்பட்ட பிரதிகளைவிட, உண்மையான பயன்பாடே கணக்கில் கொள்ளப்பட்டது.

எதை எண்ணுவது என்ற கேள்வி தொகையை எவ்வளவு மாற்றிவிடுகிறது! பழுதுப் புகார்களைக் கையாளும் சேவை மைய மென்பொருளை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். அங்கே உரிமம் பெரும்பாலும் இருவகை. ஒன்று ஆளுக்கு ஒன்று. அவர் விடுப்பில் இருந்தாலும் கட்டணம் உண்டு. மற்றொன்று பொது உரிமம். உள்நுழைபவர் எடுத்துக்கொள்வார், வெளியேறும்போது அடுத்தவருக்குக் கிடைக்கும். மூன்று ஷிப்டுகளில் 90 பேர் பணியாற்றும் இடத்தில் சுமார் 30 உரிமங்கள் போதும் என்பது ஏட்டுக்கணக்கு.

நடைமுறை வேறு. காலை ஷிப்டு ஊழியர் வெளியேறாமல் உலாவியை மூடிவிட்டுப் போகிறார். காலக்கெடு முடியும்வரை அவரது அமர்வு உயிரோடிருக்கிறது. அடுத்து வருபவருக்கு 'உரிமம் இல்லை' என்ற செய்தியே கிடைக்கிறது. காலக்கெடுவைக் குறைத்தாலோ, தொலைபேசியில் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருப்பவர் வெளியே தள்ளப்படுகிறார். பாதி எழுதிய குறிப்பும் போய்விடுகிறது. தொல்லை வேண்டாமென்று நிர்வாகம் கூடுதல் உரிமங்களை வாங்குகிறது. ஆளில்லாத நாற்காலிகளுக்கு வாடகை! பொதுப்பணத்தில் இயங்கும் அலுவலகங்களாவது, செயலற்ற அமர்வுகளைக் கழித்த உச்சப் பயன்பாட்டுப் பதிவைப் பார்க்காமல் புதுப்பிப்பில் கையெழுத்திடக் கூடாது. அந்தப் பதிவின் நகல் விற்பவரிடம் மட்டுமின்றி, வாங்குபவரிடமும் இருக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே அதை எழுதிக்கொள்வது நல்லது.

இன்னொரு பக்கமும் உண்டு. யார், எப்போது நுழைந்தார், எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்பதெல்லாம் அதே பதிவில் இருக்கிறது. உரிமத்தை எண்ணத் தொடங்கிய பட்டியல் வருகைப் பதிவேடாக மாற அதிக நாள் ஆகாது. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கு ஊழியரின் ஒப்புதலின்றியே தரவைக் கையாள இடமளிக்கிறது. ஆகவே, சட்டம் காக்கும் என்று ஊழியர்கள் நம்பியிருக்க முடியாது. பொது உரிமங்களைக் கணக்கிட எண்ணிக்கை போதும், பெயர் தேவையில்லை. மாதக் கணக்கு முடிந்ததும் அந்தப் பட்டியலிலிருந்து பெயர்களை நீக்குவது நிர்வாகத்துக்கு ஒரு மணி நேர வேலை.