கூந்தன்குளத்து அன்னங்கள்

நீர்ப்பறவைகளைப் படமெடுப்பவர்கள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. அதில் பாதி எங்கள் மேலேயே உள்ள வருத்தம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஒரு தை மாதத்தில் நாங்கள் மூவர் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போயிருந்தோம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த குளம் அது. அறிவிப்புகளுக்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே ஊரார் பறவைகளைக் காத்துவருகிறார்கள். வீட்டு முற்றத்து மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். எச்சத்தின் நாற்றத்தை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது.

நாங்கள் தேடிப் போனது வரித்தலை வாத்தை. சாம்பல் நிற உடல், வெண்தலையில் இரண்டு கரிய பட்டைகள், மஞ்சள் அலகு. மங்கோலியா, திபெத் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்க இமயத்தைக் கடந்து வரும் பறவை. கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்தது பதிவாகியிருக்கிறது. அங்குள்ள மெல்லிய காற்றிலும் உயிர்வளியை இறுகப் பற்றும் குருதி அதற்கு வாய்த்திருக்கிறது.

வாத்து என்னும் பெயர் எங்களுக்கு உவப்பாக இல்லை. புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார், குமரித்துறையில் இரை உண்டு வடமலைக்குத் திரும்பும் ஆண் அன்னத்திடம், வழியில் உறையூரில் இறங்கிக் கோப்பெருஞ்சோழனிடம் தம் பெயரைச் சொல்லும்படி கேட்கிறார். தெற்கே குமரி, வடக்கே இமயம், இடையில் பறந்து செல்லும் ஒரு பறவை. வடமொழியின் ஹம்சம் வரித்தலை வாத்தே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. புலவர் அதற்கு அயிரை மீனை உண்ணக் கொடுப்பதுதான் சற்று இடிக்கிறது; இது பெரும்பாலும் புல்லும் தானியமும் மேய்வது. ஆயினும், காலண்டர்ப் படங்களில் நீந்தும் வெள்ளை அன்னத்தைவிட இதுவே அப்பாட்டுக்கு நெருக்கமானது என்பது எங்கள் கட்சி.

அன்று காலை நூறு பறவைகளுக்குக் குறையாமல் கரையோரம் அமர்ந்திருந்தன. அமர்ந்திருக்கும் பறவையைப் படமெடுத்து யாரிடம் காட்டுவது? சிறகு விரித்த படம் வேண்டும் என்று எங்களில் ஒருவர் கரையிலிருந்து இறங்கி நடந்தார். மற்ற இருவரும் தடுக்கவில்லை; காமிராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டோம். கூட்டம் முழுவதும் ஒரே ஆரவாரத்துடன் எழுந்தது. படமும் அற்புதமாக வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "ராத்திரி பூரா மேஞ்சிட்டு இப்பந்தான் வந்து உக்காந்துச்சு. அதுக்குள்ள எழுப்பி விட்டுட்டீயளே."

அவர் சொன்னதே விஷயம். பனிக்காலம் இப்பறவைக்கு உல்லாசப் பயணம் அன்று. வடக்கே திரும்பும் நெடும்பயணத்துக்கான கொழுப்பை இங்கே மேய்ந்துதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அச்சத்தில் எழும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்து செலவழிகிறது. ஒரே ஒருமுறைதானே என்பார்கள்; நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். விடுமுறை நாளில் கரைக்கு வரும் ஒவ்வொரு குழுவுக்கும் அது ஒரே ஒருமுறைதான்.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். அவரைப் படிக்கும்போது, நெடுநேரம் கவனித்ததன் உடன்விளைவாகவே படம் தோன்றுகிறது. எங்களுக்கோ படத்துக்குப் பிறகுதான் பறவையே நினைவுக்கு வந்தது.

காமிராவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மங்கோலியாவில் ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை அணிவித்த வரித்தலை வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் தென்பட்டிருக்கின்றன. பட்டையின் எழுத்தைத் தொலைவிலிருந்து எடுத்த படமொன்று காட்டிக்கொடுத்துவிட்டால், அப்பறவை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். பிசிராந்தையாரின் அன்னம் வாயால் சொல்ல வேண்டியிருந்ததை இது கழுத்திலேயே சுமந்து வருகிறது. அதைப் படிக்க வேண்டுமானால் பறவை பயமின்றி நின்றாக வேண்டும்.

மறு ஆண்டு மீண்டும் போனோம். கரையில் ஓர் உடைமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கழுத்துப்பட்டை எதுவும் கண்ணில் படவில்லை. கிடைத்த படங்களில் பெரும்பாலானவை, அலகை முதுகிறகில் செருகிக்கொண்டு உறங்கும் வாத்துகள்தாம்.