தண்டவாளம் போனாலும் தடம் இருக்கட்டும்

மூடிய ரயில் பாதையின் நிலத்தைத் துண்டு போட்டு விற்பது பெருந்தவறு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் அதைச் செய்யவில்லை. மிடில்மார்ச்சுக்கும் கிளைடுக்கும் இடையே 1990இல் ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், ஆனால் நிலத்தை 1993இல் இயற்கைப் பாதுகாப்புத் துறை வாங்கிக்கொண்டது. சரளை பரப்பி, பாலங்களுக்குப் பலகையும் கைப்பிடியும் அமைத்து, 2000இல் 152 கி.மீ. பாதை முழுவதையும் மக்களுக்குத் திறந்தார்கள். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதற்காக அன்று மலையைக் குடைந்து உண்டாக்கிய மென்சரிவு, இன்று சைக்கிள் மிதிக்கும் முதியவருக்கும் சிறுவருக்கும் கைகொடுக்கிறது. நடந்தும் போகலாம், குதிரையிலும் போகலாம். பூல்பர்ன் பள்ளத்தாக்கின் சுரங்கங்களுக்குக் கைவிளக்கு அவசியம். காரில் விரைகிறவர் ஊரைக் கடந்துவிடுகிறார். சைக்கிளில் வருகிறவரோ ரான்ஃபர்லி போன்ற சிற்றூர்களில் சாப்பிடுகிறார், இரவு தங்குகிறார். ரயில் நின்றதும் களையிழந்த ஊர்களுக்கு அந்த வருமானம் பெரிய ஆதரவு. ஆகவே, எந்த நாட்டில் ரயில் நின்றாலும் முதலில் காக்க வேண்டியது அறுபடாத அந்த நிலத்தைத்தான். ஒருமுறை மனைகளாகச் சிதறிவிட்டால் அதை மறுபடி ஒன்றுசேர்ப்பது எந்த அரசுக்கும் எளிதல்ல.