பரிதாபம் அல்லது அதிசயம்: செவிப்புலனற்ற பிள்ளைகளும் நமது ஊடகங்களும்

"பிறவியிலேயே வாய்பேச முடியாத, காது கேளாத" என்று தொடங்கும் செய்திகள் நமது ஊடகங்களில் பெரும்பாலும் மூன்று விதமாகவே முடிகின்றன. ஒன்று, உதவி கோரும் வங்கிக் கணக்கு இலக்கம். இரண்டு, 'குறையை வென்று' பெற்ற பரீட்சைப் பெறுபேறு. மூன்று, சத்திரசிகிச்சைக்குப் பின்னர் முதன்முறையாக ஒலியைக் கேட்டுச் சிரிக்கும் குழந்தையின் வீடியோ.

நம்மில் பலர் இவற்றைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டுக் கடந்து போகிறோம். ஆனால் தமது பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று அண்மையில் அறிந்த பெற்றோரால் அப்படிக் கடந்து போக முடியாது. செவிப்புலனற்ற பிள்ளைகளில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் கூறுகின்றன. இத்தகைய பெற்றோரில் பலர் அதற்கு முன் செவிப்புலனற்ற ஒருவருடன் பழகியே இருக்கமாட்டார்கள். பிள்ளையின் எதிர்காலம் பற்றி அவர்களுக்குக் கிடைக்கும் முதல் சித்திரம் ஊடகம் தருவதுதான்.

கிளிநொச்சியில் நான் சந்தித்த தாய் ஒருவர் சொன்னார்: "தம்பி, உந்த வீடியோவில வாற பிள்ளை மாதிரி, மிசின் பூட்டினவுடன என்ர பிள்ளையும் கதைக்கும் எண்டுதான் இருந்தனான்." பிள்ளைக்கு வயது ஆறு. 'சைகை பழக்கினால் பேச்சு வராது' என்று உறவினர்கள் சொன்னதால் வீட்டில் யாரும் சைகை மொழி கற்கவில்லை.

அந்த வீடியோக்கள் காட்டாதது எது? கொக்லியர் கருவி பொருத்தியதும் பிள்ளைக்குக் கேட்பது பழக்கமில்லாத ஒலிகள் மட்டுமே. அவற்றைச் சொற்களாகப் புரிந்துகொள்ள நீண்டகாலப் பேச்சுப் பயிற்சி வேண்டும். வெளிக்கருவிக்கு பற்றரியும் பராமரிப்பும் தேவை. பலன் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். மொழி வேரூன்றும் முதல் ஐந்து ஆண்டுகளோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பேச்சு வரும் வரை வேறு மொழியே இல்லாமல் வளரும் பிள்ளை, சிந்திப்பதற்கும் கேள்வி கேட்பதற்குமான கருவியையே இழக்கிறது. சைகை மொழி பேச்சைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை.

சினிமாவின் கதை சற்று வேறு. 2007இல் வெளியான 'மொழி'யில் ஜோதிகா ஏற்ற பாத்திரம் பரிதாபத்துக்குரியதல்ல. அவளிடம் கோபமும் தன்மானமும் உண்டு. அவளுடன் பேச விரும்பும் கதாநாயகன்தான் சைகை மொழி கற்கிறான். இது முக்கியமான மாற்றம். ஆனால் அதே படத்தில், செவிப்புலனற்ற மகள் பிறந்ததால் தந்தை குடும்பத்தைக் கைவிடுகிறார். தனக்கும் அப்படியொரு பிள்ளை பிறந்துவிடுமோ என்று அவள் அஞ்சுகிறாள். படம் தந்தையின் செயலை நியாயப்படுத்தவில்லை. என்றாலும், ஏற்கெனவே பயந்திருக்கும் ஒரு வீட்டில் அந்தப் பயமே மனதில் தங்கிவிடக்கூடும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அவர்களை உரிமையுள்ள மனிதர்களாகச் சித்தரிக்க ஊடகங்களை ஊக்குவிக்குமாறு அதன் 8ஆம் உறுப்புரை அரசுகளைக் கோருகிறது. 21ஆம் உறுப்புரை சைகை மொழிகளின் பயன்பாட்டை அங்கீகரிக்கச் சொல்கிறது. கைதடி நவீல்ட் பாடசாலை பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியிருக்கிறது. அவர்களில் எத்தனை பேரிடம் பொருட்களின் விலை பற்றியோ தேர்தல் பற்றியோ நாம் கருத்துக் கேட்டிருக்கிறோம்?

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. 'ஊமை', 'வாய்பேச முடியாத' என்ற சொற்களை விடலாம். சைகையில் பேசுவோரும் பேசுபவர்களே. நேர்காணலுக்கு உறவினரை அல்லாமல் சைகை மொழி உரைபெயர்ப்பாளரை அழைக்கலாம். வீடியோக்களுக்கு எழுத்துவரி இடலாம். கருவி பொருத்திய பிள்ளையை இரண்டு வருடம் கழித்தும் போய்ப் பார்த்து எழுதலாம். வேலை செய்து, குடும்பம் நடத்தி, அயலவருடன் சண்டையும் பிடிக்கும் ஒரு செவிப்புலனற்ற மனிதரைச் சாதாரணமாகக் காட்டலாம்.

பிள்ளைக்காக அதிசயம் வேண்டிக் காத்திருக்கும் பெற்றோருக்கு, அந்தச் சாதாரண மனிதரே இன்று மிகவும் தேவையான செய்தி.