மெழுகும் எண்ணெயும்: 1857-இல் சிப்பாய்கள் சொன்ன மாற்று

1857 எழுச்சியைப் பற்றிய கருத்தரங்குகளில் 'கொழுப்புத் தோட்டா' என்னும் சொல் வந்ததும் பேச்சு சமயத்துக்கும் வதந்திக்கும் தாவிவிடுகிறது. பசு, பன்றி, தீட்டு, புரளி என்று அடுக்கிக்கொண்டு போகிறோம். அந்தக் கொழுப்பு துப்பாக்கிக் குழாய்க்குள் என்ன வேலை செய்தது, அதற்குப் பதில் வேறு எதைப் பூசியிருக்க முடியும் என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. ஆயுதங்களில் மோகம் கொண்டவர்களின் பொழுதுபோக்கு என்று அவற்றை ஒதுக்கிவிட்டோம். அதன் விளைவாக, அவ்வாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட முக்கியமான ஆவணம் ஒன்றைக் குறைத்துப் படித்து வருகிறோம் என்பது என் எண்ணம்.

முதலில் குழாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரைஃபிளில் ஈயக்குண்டு குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றுச் சிறியது. அதனை ஒரு துணித்துண்டில் பொதிந்து, கம்பியால் இடித்து, மருந்தின்மேல் இறுக்கமாக உட்கார வைக்க வேண்டும். குழாயின் உட்சுவரில் திருகுபோல ஓடும் வரிகளை அந்தத் துணிதான் பற்றுகிறது. குண்டுக்குச் சுழற்சியைத் தருகிறது. வெடிவாயு பக்கவாட்டில் கசியாமல் அடைக்கிறது. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேலானது புகையிலும் குழாயிலும் திடக் கசடாகவே எஞ்சும். சில குண்டுகள் சுட்டதும் அக்கசடு உட்சுவரில் படிந்து அடுத்த குண்டை இறங்கவிடாது. துணியில் பூசும் மசகு அக்கசடை இளக்குகிறது, துணி கருகாமல் காக்கிறது, குண்டு வழுக்கிக்கொண்டு இறங்க உதவுகிறது. குண்டு மருந்தைத் தொடாமல் பாதியில் சிக்கி நின்றால், சுடும்போது குழாய் வீங்கும். சில வேளை வெடிக்கும். மசகு சரியில்லை என்றால் முதலில் ஆபத்துக்குள்ளாவது சுடுபவன்தான்.

எதைப் பூசுவது என்பதை முடிவு செய்வது காலநிலை. கருமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரக்காற்றில் அது தானாகவே குழைந்திருக்கும். வறண்ட காற்றில் ஓடுபோல் இறுகும். கடுங்குளிர் காற்றில் ஈரம் மிகக் குறைவு. ஆகவே மசகின் தேவை மிகுந்த அந்த நேரத்தில்தான் மசகும் உறைந்து போகிறது. தேன்மெழுகு ஏறக்குறைய 62 பாகை செல்சியசில் உருகும். மாட்டுக் கொழுப்பு 40-க்குச் சற்று மேலே. தேங்காய் எண்ணெயோ 24 பாகைக்குக் கீழே இறங்கினாலே உறையும். (வட இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் மார்கழியைக் கழித்த தமிழ் மாணவர்களுக்குக் கடைசிச் செய்தியை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்து எடுத்தவர்கள் நாம்.) மெழுகு மிகுந்த கலவையைப் பூசிய துணி குளிரில் விறைத்துக் கம்பிக்கு அடங்காது, எண்ணெய் மிகுந்த கலவை கோடையில் ஒழுகி மருந்தை நனைத்துவிடும். வட அமெரிக்க எல்லைப்புற வேட்டைக்காரர்கள் பனிக்காலத்தில் கரடி எண்ணெயை நாடியதன் காரணம் அது குளிரிலும் இளகிய நிலையில் இருப்பதுதான். மற்ற நாட்களில் துணியை வாயிலிட்டு எச்சிலால் நனைத்தே கெட்டித்துவிடுவார்கள். பனியில் எச்சில் உறைந்து குண்டு குழாயோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த எளிய வழி அப்போது உதவாது. இன்றும் பழைய பாணி ரைஃபிளோடு குளிர்கால வேட்டைக்குச் செல்வோர் மெழுகைக் குறைத்து எண்ணெயைக் கூட்டுகிறார்கள். கோடைக்கு ஒரு விகிதம், குளிருக்கு ஒரு விகிதம். இத்தொழிலின் நடைமுறை அறிவு பெரும்பாலும் இந்த விகிதத்தில் அடங்கிவிடுகிறது.

இந்த விகிதம் என்ற சொல்லோடு கும்பினிப் படைக்கு வருவோம். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளில் துணிக்குப் பதிலாகத் தோட்டாவின் காகிதமே குண்டைப் பொதிந்திருந்தது. குண்டிருக்கும் முனையில் மசகு பூசப்பட்டிருந்தது. அதன் செய்முறை இங்கிலாந்தில் வகுக்கப்பட்டது. பெரும்பகுதி விலங்குக் கொழுப்பு, சிறுபகுதி மெழுகு. ஈரமும் குளிருமான ஒரு தீவின் வானிலைக்கு அது பொருந்தும். வெப்பநாட்டில் அக்கொழுப்பு எவ்வாறு தாங்கும் என்று அறிய 1853-இலேயே மாதிரித் தோட்டாக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. சிப்பாய்களின் தோட்டாப் பைகளில் அவற்றை மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே, வங்காளப் படையின் தலைமை நிர்வாக அதிகாரியாக இருந்த கர்னல் டக்கர், இக்கொழுப்பு சிப்பாய்களின் சமய உணர்வைப் புண்படுத்தாத வகையைச் சேர்ந்தது என்று உறுதியாகத் தெரியாமல் அவர்களிடம் கொடுப்பது விவேகமன்று என்று எழுதினார். அக்கடிதத்தால் எதுவும் மாறவில்லை. கொழுப்பு வெயிலில் உருகுகிறதா என்று சோதித்த நிர்வாகம், அதே தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்கப்போகிறவனிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

நான் குறிப்பிட்ட ஆவணம் இதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1857 ஜனவரி நான்காம் வாரத்தில் எழுதப்பட்டது. டம்டம் துப்பாக்கிப் பயிற்சி நிலையத்தின் தலைவர் மேஜர் பான்டீன், சிப்பாய்களை அணிவகுக்கச் செய்து, குறையிருந்தால் சொல்லலாம் என்கிறார். மூன்றில் இரு பங்கினர், இந்திய அதிகாரிகள் அனைவரும் உட்பட, முன்னே வந்து நிற்கிறார்கள். தோட்டாவில் பூசும் கலவை தங்கள் சமயத்துக்கு மாறானது என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். நம் பாடநூல்கள் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றன. அறிக்கையோ நிற்கவில்லை. இதற்கு மாற்றாக மெழுகையும் எண்ணெயையும், வேலைக்குப் போதுமானது என்று தாங்கள் கருதும் விகிதத்தில் கலந்து பூசலாம் என்று அவர்கள் யோசனை சொன்னதாகவும் பான்டீன் பதிவு செய்கிறார்.

இது வதந்தியில் மிரண்ட கூட்டத்தின் பேச்சா? குழாய்க்குள் மசகு செய்ய வேண்டிய வேலை எது என்று அறிந்தவர்களின் பேச்சு இது. குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைக்கத்தக்க இரு பொருள்களைச் சொல்லி, அளவைத் தங்களிடம் விடுமாறு கேட்கிறார்கள். தை மாதத்துச் சியால்கோட்டும் சித்திரை மாதத்துக் கான்பூரும் ஒரே கலவையால் சமாளிக்கக்கூடிய இடங்களல்ல. அவ்விரண்டிலும் பணியாற்றிய மனிதர்களுக்கு அது தெரியாதிருக்க வாய்ப்பில்லை. வங்காளப் படையின் ரைஃபிள் பிரிவுகளில் முன்னரே மசகிட்ட பொதிவுகளைக் கையாண்டவர்களும் இருந்தார்கள். அதே மாதக் கடைசியில் படைத் தலைமைக்கும் அரசுக்கும் நடந்த தந்திப் பரிமாற்றத்தில், அப்பிரிவுகள் ஆட்டுக் கொழுப்பும் மெழுகும் கலந்து பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவதாகத் தலைமையே சொல்கிறது.

எதிர்வாதம் ஒன்றை எதிர்பார்க்கிறேன். சிப்பாய்கள் விரும்பிய கலவையைக் கடைத்தெருவில் வாங்கிப் பூசிக்கொள்ள அரசு சில நாட்களுக்குள்ளேயே இசைவு தந்துவிட்டது. பின்னர் தோட்டாவைக் கையால் கிழிக்கவும் விதி மாற்றப்பட்டது. அப்படியிருந்தும் மீரட் வெடித்தது. எனவே கொழுப்பு ஒரு சாக்குதான் என்பது அது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப்படையின் 85 பேர் மறுத்த தோட்டாக்கள் புதிய கொழுப்புத் தோட்டாக்களே அல்ல என்பதையும் எடுத்துக்காட்டுவார்கள். உண்மை. இடையில் ஐயம் தோட்டாவின் காகிதத்துக்கே பரவியிருந்தது. அதன் பளபளப்பிலும் அது எரியும் மணத்திலும் கொழுப்பைக் கண்டார்கள். ஆனால் இதனால் ஜனவரிக் கோரிக்கை பொருளற்றதாகிவிடாது. கலவையில் இருப்பது என்ன என்று கேட்டவனுக்கு நேரான விடை கிடைக்கவில்லை. தலைமையிடமே அது இருந்ததா என்பதும் ஐயத்துக்குரியது. பொருளின் உட்கூறு மறைவாயிருக்கும்போது அதன் மேலுறையையும் ஐயுறுவது பகுத்தறிவுக்கு ஒத்த செயலே. 1806-இல் வேலூரில் புதிய தலைப்பாகையின் தோல் பட்டையைப் பற்றி எழுந்ததும் இதே வகைக் கேள்விதான்: இது எதனால் ஆனது?

வதந்தி என்னும் கருவி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ரணஜித் குஹா 1983-இல் வெளியிட்ட நூல், எழுச்சிகளில் வதந்தி செய்யும் வேலையை நாம் இகழ்ச்சியின்றிப் பார்க்கக் கற்பித்தது. அக்கடனை மறுக்க முடியாது. பால்மர் 1966-இலும் கிம் வாக்னர் 2010-இலும் தோட்டாச் சிக்கலை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். இருந்தும் நம் ஆய்வேடுகளில் சிப்பாய் நம்புகிறவனாகவும் அஞ்சுகிறவனாகவும் மட்டுமே வருகிறான். அறிகிறவனாக வருவதில்லை. தன் தொழிற்கருவியைப் பற்றி அவன் சொன்ன ஒரே வாக்கியத்தையும் சமய உணர்வு என்ற தலைப்பின்கீழ் அடைத்துவிடுகிறோம். கீழிருப்பவரின் நம்பிக்கையை ஆராயத் தகுந்த பொருளாகக் கருதுகிறோம். அவருடைய தொழில்நுட்பக் கருத்தைக் கருத்தாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அந்த யோசனையின் மதிப்பைப் பின்வந்த நிகழ்ச்சிகளிலிருந்து அளக்கலாம். எழுச்சியை அடக்கச் சென்ற பிரித்தானியப் படையினரே என்ஃபீல்டில் குண்டு இறங்காமல் திண்டாடினார்கள். வெப்பத்தில் கொழுப்பு உருகிக் காகிதத்தில் சுவறி, குண்டு மசகின்றிக் காய்ந்திருந்தது. அதன் பிறகு குண்டின் விட்டம் 0.568 அங்குலத்திலிருந்து 0.55 ஆகக் குறைக்கப்பட்டது. கொழுப்புக் கலவை கைவிடப்பட்டுத் தேன்மெழுகு மட்டுமே பூசப்பட்டது. டம்டம் சிப்பாய்கள் சொன்னதில் பாதியை லண்டன் ஏற்றுக்கொண்டது. அவர்களுடைய பெயரால் அல்ல.

பட்ட வகுப்புகளுக்கு 1857-ஐக் கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் பான்டீனின் அறிக்கையை முழுமையாக, கடைசி வாக்கியம்வரை, மாணவர்களிடம் கொடுங்கள். முடிந்தால் சிறிது தேன்மெழுகை உருக்கி, தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடுகெண்ணெய் ஒவ்வொன்றோடும் இரண்டு மூன்று விகிதங்களில் கலந்து துணித்துண்டுகளில் தடவி, ஓரிரவு குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் காலை எந்தத் துணி மடங்குகிறது, எது விறைத்து நிற்கிறது என்று அவர்களே தொட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகு வதந்தியைப் பற்றிய விவாதத்தைத் தொடங்கலாம்.