ஏரியிலிருந்து தொடங்கும் பாடம்

சென்னைப் புறநகரான காட்டுப்பாக்கத்துக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி, கிழக்கே போரூர் ஏரி. இவற்றுக்கு நடுவே வளரும் குழந்தை, வெள்ளத்தைப் பேரிடர் மேலாண்மைப் பாடத்திலும், நிலத்தடி நீரை அறிவியலிலும், கன அளவைக் கணக்கிலும் தனித்தனியே படித்து, தனித்தனியே தேர்வெழுதி மறந்துவிடுகிறது. ஒன்று இன்னொன்றை எப்படி நகர்த்துகிறது என்று பார்க்கும் பயிற்சி, அதாவது அமைப்புச் சிந்தனை, நம் பள்ளிகளில் எந்தப் பாடவேளைக்கும் உரியதாக இல்லை. இந்தக் குறையைக் கல்லூரிவரை தள்ளிப்போடுவது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து.

செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 364.5 கோடி கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. வரத்தே இல்லையென்றால், அந்த வேகத்தில் நிரம்பிய ஏரி எத்தனை மணி நேரத்தில் காலியாகும்? ஏழாம் வகுப்பு மாணவி போட்டுவிடக்கூடிய வகுத்தல்தான்; விடை ஏறக்குறைய 35 மணி நேரம். ஆனால் அன்று ஏரி காலியாகவில்லை. ஏன் என்று கேட்டால் பாடம் விரிகிறது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளின் உபரிநீர் இங்கேதான் வந்து சேர்கிறது. அங்கே கலங்கல் வழிந்து, இங்கே மட்டம் உயர நேரம் பிடிக்கும். மதகை முந்தித் திறந்து மழை பொய்த்துவிட்டால் கோடையில் குடிக்க நீர் இருக்காது. பிந்தித் திறந்தால் அடையாற்றுக் கரை மூழ்கும். மூன்றரை ஆண்டு கழித்து, 2019 ஜூனில், அதே ஏரி வறண்டு கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அப்படி வறளும்போது ஒரு வீட்டில் போர்வெல்லை ஆழப்படுத்தினால் நிலத்தடி நீர்மட்டம் இறங்குகிறது, அடுத்த வீட்டுக்காரரும் ஆழப்படுத்துகிறார், மட்டம் மேலும் இறங்குகிறது. இந்தச் சுழலைப் பத்து வயதுக் குழந்தை அம்புக்குறி போட்டு வரைந்துவிடும்.

ஏற்கெனவே பாடச்சுமை அதிகம் என்பார்கள். புதிய பாடமும் புதிய புத்தகமும் வேண்டாம். இருக்கும் கணக்கு வகுப்பும் அறிவியல் வகுப்பும் ஒரே ஏரியைப் பற்றிப் பேசினால் போதும். சிறுவர்களுக்கு இது கடினம் என்பதும் சரியல்ல. அமைப்புச் சிந்தனையின் முன்னோடியான எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரின் முறையை, 1980களின் இறுதியிலேயே அமெரிக்காவின் டூசான் நகர நடுநிலைப்பள்ளி ஒன்று வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. வலுவான ஆட்சேபம் வேறொன்று: வரத்துக் கால்வாயை அடைத்துக் கட்டியது யார் என்று குழந்தை கேட்டால், அரசுப் பள்ளி ஆசிரியர் என்ன சொல்வார்? இந்தத் தயக்கம் நியாயமானது. அந்த ஆசிரியருக்குக் கல்வித்துறையின் பாதுகாப்பு வேண்டும். ஆனால் கேள்வி வந்துவிடும் என்பதற்காகவே ஒரு பாடத்தைத் தவிர்ப்பது கல்வியாகாது. தேர்வில் மதிப்பெண் கூடும் என்று நாங்கள் வாக்களிக்கவில்லை. ஒரு முடிவின் விளைவு எங்கே, எவ்வளவு தாமதமாக வந்து சேரும் என்று யோசிக்கும் பழக்கம் வரும், அதுவே போதும்.

சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் தினமும் வெளியிடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து, அந்த எண்களை வகுப்பறைச் சுவரில் வரைபடமாகக் குழந்தைகளே எழுதிவர, காட்டுப்பாக்கம் வட்டாரத் தலைமையாசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரும் இந்த ஆண்டே வழிசெய்ய வேண்டும்.