அறுந்த மாலையே முதற்பாடம்

வீட்டிலிருந்தபடியே மணி நகை செய்யக் கற்க விரும்புவோர் இந்நாளில் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அவர்களுள் பலர் கடைக்குச் சென்று, பலநிற மணிகளும் கொக்கிகளும் வளையங்களும் அடங்கிய பெட்டியொன்றை வாங்கிவந்து, ஒரே பகற்பொழுதில் பத்துவித ஆபரணங்களைச் செய்து முடித்துவிட வேண்டும் என்னும் ஆவலோடு தொடங்குகிறார்களே, அத்தொடக்கம் சரியன்று என்பது என் அபிப்பிராயம். அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும், அலமாரியின் ஏதேனும் ஒரு மூலையில், அறுந்துபோன மணிமாலையொன்று பழைய டப்பாவிலோ காகிதப் பொட்டலத்திலோ கிடக்கும். பவழமோ, ஸ்படிகமோ, வெறுங் கண்ணாடியோ, எதுவாயினும் ஆகுக; அதை எடுத்து மீண்டும் கோத்துப் பார்ப்பதே இக்கலையில் முதற்பாடமாக இருத்தல் வேண்டும்.

ஏனெனில், அம்மாலை எவ்விடத்தில் அறுந்தது என்று சிரத்தையோடு ஆராய்பவருக்கு, எந்தப் பெட்டியும் சொல்லித்தராத உண்மைகள் தாமே புலப்படும். பெரும்பாலும் அது கொக்கியை ஒட்டிய முடிச்சில் விட்டிருக்கும். அன்றேல், மணித்துளையின் கூரிய விளிம்பு நூலை நாள்தோறும் சிறிது சிறிதாக அரிந்திருக்கும். துளையின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ஆராய்ந்த, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், பண்டைக்காலத்தில் உருக்கிய கண்ணாடியைத் துளையுள்ள நீண்ட குழலாக இழுத்து, அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அத்துண்டுகளை மீண்டும் சூடேற்றி முனை மழுங்கச் செய்து மணிகளை உண்டாக்கினார்கள். அவ்வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசிய நாடுகள் வரை பரவின. ஆந்திர தேசத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அந்த முறை நம் காலம் வரை உயிரோடு இருந்து வந்திருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று போற்றப்படும் ஊராகக் கருதப்படும், நொய்யற்கரைக் கொடுமணலிலோ, கல்மணி வேலையின் பல நிலைகளும் மண்ணிலிருந்து வெளிப்பட்டுள்ளன. உருவம் பெற்றும் துளை பெறாத மணிகளும் அவற்றுள் அடங்கும். முனையை மழுக்கும் அந்த ஒரு வேலையைச் செவ்வனே செய்யாத மலிவு மணிகளே இன்று நம் மாலைகளை அறுக்கின்றன. ஆதலால், கோப்பதற்கு முன் ஒவ்வொரு மணியின் துளையிலும் ஊசியை விட்டுப் பார்த்து, விளிம்பு உடைந்ததையும் கீறுவதையும் தயக்கமின்றி விலக்கிவிட வேண்டும்.

அடுத்தது நூல். கனமான கண்ணாடிக்கும் கல்லுக்கும், மெல்லிய எஃகிழைகளை முறுக்கி மேலே நைலான் பூசிய கியர் ஒயரே தக்கது; அதன் முனையைக் கொக்கியின் வளையத்தில் நுழைத்துத் திருப்பி, கியர் லாக் என்னும் சிறு உலோகமணியைக் குறட்டால் நசுக்கிப் பூட்டுவார்கள். தடித்த துவாலையொன்றை விரித்துக்கொண்டால் மணிகள் உருண்டோடா. 16 அங்குல மாலைக்கு 8 மில்லிமீட்டர் மணியாயின் ஏறத்தாழ 50 வேண்டும். 4 மில்லிமீட்டராயின் 100. அறுந்த மாலையில் சில மணிகள் எப்படியும் தொலைந்திருக்கும் அல்லவா? அக்குறையை நிரப்ப, இடையிடையே வேறு நிறத்துச் சிறு மணியைச் சேர்க்க நேர்கையில், எந்த நிறத்தருகே எந்த நிறம் சோபிக்கும் என்ற ஆராய்ச்சி அவசியத்தினாலேயே பிறக்கிறது. சௌந்தர்ய உணர்ச்சிக்கு இதனினும் நல்ல பயிற்சியை நான் அறியேன். (கடையில் சிறுமணி வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க: மணியின் அளவைக் குறிக்கும் எண் பெருகப் பெருக மணி சிறுக்கும், 8-ஆம் எண்ணைவிட 11-ஆம் எண் மணி சிறியது.) கோத்து முடித்தபின், நூலை விறைக்க இழுத்துப் பூட்டுவதே தொடக்கத்தில் பெரும்பாலோர் செய்யும் பிழை. மாலையைக் கழுத்தில் இருப்பதுபோல் வளைத்துப் பிடித்து, மணிகள் சற்றே அசைய இடம்விட்டுப் பூட்டினால், அது உடலோடு இசைந்து தொங்கும், நெடுநாள் உழைக்கும்.

முத்துமாலை இதற்கு அடுத்த படி. அதைப் பட்டுநூலில் கோத்து, ஒவ்வொரு முத்துக்கும் இடையே ஒரு முடிச்சிடுவது மரபு. முத்தோடு முத்து உராயாது, நூல் அறுந்தாலும் ஒன்றுக்கு மேல் சிந்தாது. மல்லிகை தொடுத்துப் பழகிய விரல்களுக்கு இம்முடிச்சு விரைவில் வசப்படும்.

ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். அழகைக் கண்டு மயங்கிக் குன்றிமணியைத் துளைத்து மாலையாக்க எண்ணுவோர் அவ்வெண்ணத்தைக் கைவிடுக. அவ்விதையின் உள்ளிருப்பது கொடிய விஷம். மேல்தோல் துளைபட்டபின் அது வாயிற்படுவது உயிருக்கே அபாயம். வேறு எந்தச் சிறுமணியாயினும், தவழும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

இத்தொழிலால் வருவாய் தேட விரும்புவோருக்கும் அறுந்த மாலையே நல்லாசான் என்று துணிந்து சொல்வேன். புது நகை செய்து விற்பவர்கள் மணிக்கும் நூலுக்கும் கொக்கிக்கும் ஆன செலவைக் கூட்டி, அதன்மேல் ஏதோ சிறிது சேர்த்து விலை சொல்லுகிறார்கள். பல மணிநேரம் குனிந்திருந்த முதுகுக்கும் கண்ணுக்கும் அதில் கணக்கே இல்லை. "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்ததுதானே" என்று பேரம் பேசும் உறவினருக்குச் சொல்ல அவர்களிடம் விடையும் இல்லை. அண்டை வீட்டார் தம் அறுந்த மாலையைக் கொண்டுவந்து கொடுத்துக் கோத்துத் தரச் சொல்லும்போதோ, மணிகள் அவர்களுடையவை. நாம் கேட்பது நம் உழைப்பின் கூலி ஒன்றையே. அக்கூலியை வாய்விட்டுக் கேட்கவும், கேட்டதைப் பெறவும் பழகிய பிறகு, புது மணி வாங்கக் கடைக்குப் போகலாம்.