பழி மாலுமிகளுக்கு மட்டுமா?

2024 ஓகஸ்ட் 19 அதிகாலை, சிசிலிக் கரையோரம் நங்கூரமிட்டிருந்த 'பேசியன்' என்ற பாய்மர உல்லாசப் படகு கடுங்காற்றில் கவிழ்ந்து மூழ்கியது. எழுவர் மாண்டனர். படகைக் கட்டிய 'பெரினி நவி' நிறுவனத்தைப் பின்னர் வாங்கியவர்களின் தலைவரோ, அது மூழ்க முடியாத படகு என்றார். பழியை மாலுமிகள் மீது சுமத்தினார்.

மூழ்க முடியாத படகென்று ஒன்று உலகில் உண்டா?

2025 மே மாதம் வெளியான பிரித்தானிய விசாரணையாளர்களின் இடைக்கால அறிக்கை வேறு கதை சொல்கிறது. 56 மீற்றர் நீளப் படகு. அதன்மேல் 70 மீற்றருக்கும் உயரமான ஒற்றைப் பாய்மரம். பாய்களை இறக்கி, நடு அடித்தகட்டை உயர்த்தியிருந்த நிலையில், மணிக்கு சுமார் 117 கிலோமீற்றர் வேகப் பக்கக்காற்றே அதனைக் கவிழ்க்கப் போதுமானதாம். சாய்வு ஏறத்தாழ 70 பாகையைத் தாண்டினால் படகு மீண்டும் நிமிராது. அன்று 15 செக்கனுக்குள் 90 பாகை சாய்ந்தது. பக்க விளிம்பைத் தாண்டிய கடல்நீர், சில செக்கன்களில் படிக்கட்டுகள் வழியே உள்ளே பாய்ந்தது.

இந்தப் பலவீனம் படகின் உறுதிநிலைக் கையேட்டில் குறிப்பிடப்படவில்லை. உரிமையாளரோ மாலுமிகளோ அதை அறிந்திருக்கவில்லை என்கிறது அறிக்கை.

மாலுமிகள் தவறிழைத்தனரா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால், எழுதப்படாத ஆபத்தை அறியவில்லை என்று அவர்களைக் குற்றஞ்சாட்டுவது எவ்வகை நியாயம்? வானுயர மரம் நாட்டியவர்களுக்கு, அதன் விலையை ஒரு வரியில் எழுதிவைக்கும் கடமை இல்லையா?